யாரும் பார்க்காத கால் மணி நேரம்

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அலங்காரம் ஏதும் இல்லாத ஓர் அறை. உள்ளே போகும் முன் செல்போன், பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, தூங்கவும் கூடாது. 15 நிமிடம் மனத்துக்குள் எதையாவது நினைத்துப் பொழுதைப் போக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஷாக் அடிக்கும். ஆபத்தில்லாத அளவுதான், ஆனால் வலிக்கும். அந்த ஷாக்கை எல்லோரும் முன்பே ஒரு முறை வாங்கிப் பார்த்தவர்கள். 'மறுபடி இது வேண்டாம், தவிர்ப்பதற்குக் காசு கொடுக்கக்கூடத் தயார்' என்று சொன்னவர்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

18 ஆண்களில் 12 பேர் அந்தக் கால் மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது பொத்தானை அழுத்தினார்கள். 24 பெண்களில் 6 பேர் அழுத்தினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் 190 முறை அழுத்தினார். சராசரி போடும்போது அவரை விட்டுவிட்டார்கள்.

டிமொதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டபோது, தன்னோடு தனியாக இருப்பதைவிட மனிதன் ஷாக் வாங்கிக்கொள்வதையே விரும்புகிறான் என்ற தோரணையில் செய்திகள் பரவின. இன்றைக்கும் மேடைப் பேச்சுகளில் இந்த ஆய்வு அப்படித்தான் வந்து போகிறது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அழுத்தாத 18 பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், மொத்தம் 11 ஆய்வுகள் கொண்ட அந்தக் கட்டுரையின் எண்களிலேயே இருக்கிறது. 'தனியாக யோசித்துக்கொண்டிருந்த நேரம் எவ்வளவு இனிமையாக இருந்தது' என்ற கேள்விக்குப் பலர் கொடுத்த மதிப்பெண் அளவுகோலின் நடுப்பகுதியில்தான் விழுந்தது. பெரிய சுகமும் இல்லை, பெரிய துன்பமும் இல்லை. இதை வேறு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். அந்த விளக்கம் செய்தியாகவில்லை.

எட்டு ஆண்டு கழித்து, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆயா ஹதானோவும், கூ முராயாமா முதலிய சக ஆய்வாளர்களும் வேறு கோணத்தில் கேட்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஓர் அறையில் 20 நிமிடம் காத்திருக்கப் போகிறீர்கள், எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதிலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பிறகு உட்கார வைத்து, முடிந்ததும் மறுபடி கேட்டார்கள். மக்கள் எதிர்பார்த்ததைவிட அந்த நேரம் நன்றாகவே கழிந்திருந்தது. ஜப்பானியரிடமும் பிரிட்டிஷ்காரர்களிடமும் இதே முடிவு. சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி நாம் வைத்திருக்கும் பயம், சும்மா உட்கார்ந்திருக்கும் அனுபவத்தைவிடப் பெரியது.

அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

இதை நேராகக் கேட்டவர் துய்-வி நுயென் என்ற உளவியலாளர். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டீசி ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வுகள் 2018-இல் வெளியாயின. ரயனும் டீசியும் மனித ஊக்கத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தவர்கள். ஒரு காரியத்தை ஒருவர் தானாகச் செய்கிறாரா, பிறர் நெருக்குதலால் செய்கிறாரா என்பதே அவர்களுடைய கோட்பாட்டின் நடுநாயகமான கேள்வி. அந்தக் கேள்வி இந்த அத்தியாயம் முழுக்க நம்மோடு வரும்.

உணர்ச்சிகளை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்தே நமக்குப் பழக்கம். நுயென் இன்னொரு கோட்டையும் போட்டார். கோபம், பதற்றம், உற்சாகம், குதூகலம் எல்லாம் உடம்பை முறுக்கேற்றும் உணர்ச்சிகள். அமைதி, நிம்மதி, சலிப்பு, ஏக்கம் எல்லாம் உடம்பு தணிந்திருக்கும்போது வருபவை. 15 நிமிடம் தனியே உட்கார்ந்து எழுந்தவர்களிடம் முதல் வகை மொத்தமாகக் குறைந்திருந்தது. கோபம் குறைந்தது, கூடவே உற்சாகமும் குறைந்தது. அடுப்பைத் தணித்ததும் பொங்கி வந்த பால் அடங்குகிற மாதிரி. இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தவர்களிடம் இது நடக்கவில்லை. தனியே உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருந்தவர்களிடம் நடந்தது. ஆக, இதற்கு வெறும் சுவரை வெறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்பதே போதும்.

பால் அடங்கியதும் அடியில் இருப்பது தெரிகிறது. சிலரிடம் அமைதி கூடியது. அதே வேளையில் தனிமை உணர்வும் கொஞ்சம் கூடியது. எது மேலோங்கும் என்பதை முடிவு செய்த காரணிகளில் முக்கியமானது, தனியே இருப்பது என்ற முடிவு யார் கையில் இருந்தது என்பதே. தனியே இருப்பதைத் தானே விரும்பித் தேர்ந்துகொண்டவர்களிடம் நிம்மதி கூடியது, மன அழுத்தம் குறைந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நிம்மதி சரி, அது தூங்கினாலும் வரும். தன்னை ஏற்றுக்கொள்வது வேறு அல்லவா?

வேறுதான். அமெரிக்க உளவியலாளர் கேரல் ரிஃப் 1989-இல் மன நலத்தை ஆறு கூறுகளாகப் பிரித்து அளந்தார். அதில் ஒன்று தன்னை ஏற்றுக்கொள்ளுதல். தன்னிடம் உள்ள நல்லதையும் கெட்டதையும் தெரிந்துவைத்திருப்பது, கடந்துபோன வாழ்க்கையோடு சண்டை இல்லாமல் இருப்பது என்று அதற்கு விளக்கம் கொடுத்தார். 'நான் பெரிய ஆள்' என்ற எண்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தன் முன்கோபத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர், அதற்காகத் தன்னையே வெறுக்காமல் இருக்கிறார் என்றால் அவரிடம் அது இருக்கிறது.

அது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு மார்க் லியரியின் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 1995-இல் அவரும் சக ஆய்வாளர்களும் சொன்னது இது: தன்மதிப்பு என்று நாம் உணர்வது உண்மையில் ஓர் அளவுமானியின் முள். கூட்டத்தில் நமக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, யார் முகம் சுளித்தார், யார் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்பதை அது ஓயாமல் அளக்கிறது. கூட்டத்தை விட்டுத் தள்ளப்பட்டால் உயிர் பிழைக்க முடியாத காலத்தில் உருவான கருவி அது. அதனால் சின்ன விஷயத்துக்கும் துள்ளும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனால் இரவு முழுக்க அது உறுத்துவது இதனால்தான். நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவே இருப்பவருக்கு அந்த முள் ஒரு நிமிடமும் நிலைகொள்வதில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி, வீட்டில் பெரியவர்கள், கையில் இருக்கும் போனில் அறிமுகமே இல்லாத ஆயிரம் பேர். முள் ஆடிக்கொண்டே இருக்கும்போது அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர் இல்லாத நேரத்தில்தான் அது ஓய்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் தனியே இருப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆட்கள் அங்கேயும் வந்துவிடுகிறார்கள்.

சரி, பார்க்கிறவர் இல்லை, முள் ஓய்ந்தது. அப்போது மூளை என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கதையில் நரம்பியல் நுழையும் இடம்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. கணக்குப் போடுகிறோம், வண்டி ஓட்டுகிறோம், அதனால்தான் இவ்வளவு செலவு என்று நினைப்போம். அப்படி இல்லை. கவனமாக ஒரு வேலையில் இறங்கும்போது கூடுதலாக ஆகும் செலவு 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மீதி எல்லாம் நாம் 'சும்மா' இருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் செலவு. மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மூளை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை என்று அப்போதே கருதினார். அவருடைய முதல் கட்டுரை 1929-இல் வந்தது. பல ஆண்டுகள் அந்தக் கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்கிளும் அவருடைய சகாக்களும் வேறொன்றைத் தேடப் போய் இதில் வந்து நின்றார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். வேலை செய்யும்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்று பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்காக, ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும் நிலையையும் படம் எடுப்பார்கள். எந்த வேலை கொடுத்தாலும் சில குறிப்பிட்ட பகுதிகள் அடங்கிப்போவதும், வேலை முடிந்ததும் அதே பகுதிகள் மறுபடி விழித்துக்கொள்வதும் தெரியவந்தது. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒரு பகுதி, மூளையின் பின்புற நடுவில் இன்னொன்று, பக்கவாட்டில் சில. 2001-இல் ரெய்க்கிள் இதற்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்'. தமிழில் இயல்புநிலை வலையமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்த ஆய்வுகள் அந்த வலையமைப்பின் வேலையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தன. பழைய நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கும்போது அது இயங்குகிறது. நாளைக்கு நடக்கப்போவதைக் கற்பனை செய்யும்போது இயங்குகிறது. இன்னொருவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது இயங்குகிறது. 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது இயங்குகிறது. நேற்றைய நான், இன்றைய நான், நாளைய நான் எல்லோரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து கோக்கிற வேலை அது. அந்தக் கதையைத் திருத்தி எழுத நேரம் வேண்டும். வெளி வேலைகள் அழைத்துக்கொண்டே இருந்தால் அந்த நேரம் துண்டு துண்டாகிவிடும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, தனியே உட்கார்ந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் 2,250 பேரின் ஐபோன்களுக்கு நாளின் பல வேளைகளில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதிலேயே இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கேட்ட வேளைகளில் 46.9 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்தவர்கள்கூட, வேலையில் லயித்திருந்தவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை.

இதைவிட என்னைப் பாதித்தது சூசன் நோலன்-ஹோக்சிமாவின் ஆய்வு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று அவர் ஒரு படிவத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று திரும்பத் திரும்ப அதையே மென்றுகொண்டிருப்பவர்கள் யார், வேறு எதிலாவது மனத்தைத் திருப்புகிறவர்கள் யார் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17-இல் அந்தப் பகுதியை லோமா ப்ரியேட்டா பூகம்பம் குலுக்கியது. அதே மாணவர்களை அவர் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மறுபடி பார்த்தார். பூகம்பத்துக்கு முன்பே எதையும் மென்றுகொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களே மனச்சோர்வில் ஆழ்ந்துகிடந்தார்கள். பூமி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது.

ஆக, கதையைத் திருத்தும் அதே வலையமைப்பு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டவும் செய்யும். தனிமையில் உட்கார்ந்த ஒருவர் தெளிந்து எழுவதற்கும் நொந்து எழுவதற்கும் உள்ள வேறுபாட்டை, அவர் தன்னிடம் எப்படிப் பேசுகிறார் என்பதில் தேட வேண்டியிருக்கிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் 2003-இலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இதுதான். தன்மேல் காட்டும் பரிவை அவர் மூன்றாகப் பார்க்கிறார்: தன்னைத் திட்டாமல் இதமாகப் பேசுவது, இந்தத் தவறு மனிதர்கள் எல்லோரும் செய்வதே என்று உணர்வது, வேதனையை ஊதிப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. நடைமுறையில் இதற்கு உதவும் ஒரு வழியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் க்ராஸ் 2014-இல் சோதித்தார். மனத்தைக் கலக்கும் விஷயத்தைப் பற்றி யோசிக்கும்போது 'நான் ஏன் இப்படிச் செய்தேன்' என்று கேட்காமல், தன் பெயரைச் சொல்லித் தன்னையே கேட்டுக்கொண்டவர்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. 'ஏன் செல்வி, அன்னைக்கு அப்படிப் பேசிட்டே? உடம்பு சரியில்லாத நேரம், தூக்கமும் இல்லை, அதானே?' என்று கேட்பது போல. நம் வீடுகளில் பாட்டிமார்கள் அரிசி புடைத்துக்கொண்டே தமக்குத்தாமே இப்படிப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தோழியிடம் பேசும் தொனியில் தன்னிடம் பேசினால் தண்டிக்கும் குரல் தணிகிறது.

எழுதுவது இன்னொரு வழி. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986-இல் கல்லூரி மாணவர்களைத் தனி அறையில் உட்கார வைத்து, நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். யாரிடமும் சொல்லாத, மனத்தை ரணமாக்கிய ஒரு நிகழ்ச்சியை, நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவு. அதன் பிறகு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். சிறியது என்பதற்காக நான் அதை ஒதுக்க மாட்டேன். ஒரு நோட்டும் பேனாவும் தவிர வேறு செலவில்லாத ஒரு காரியத்துக்குச் சிறிய பலனே லாபம்.

இப்படித் தன்னோடு இருக்கும் திறமை பிறவியிலேயே வருகிறதா? லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் பணியாற்றிய டொனால்ட் வினிகாட் இதற்குச் சொன்ன பதில் அழகானது. தனியாக இருக்கும் திறமையைக் குழந்தை கற்றுக்கொள்வது அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் என்றார் அவர். 1958-இல் வெளியான அவருடைய கட்டுரையின் மையமே அதுதான். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மா அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை திண்ணையோரம் உட்கார்ந்து வெண்டைக்காய்க் காம்புகளை வரிசையாக அடுக்குகிறது, கலைக்கிறது, மறுபடி அடுக்குகிறது. அம்மா அதைப் பார்க்கவில்லை, 'சமத்து' என்று சொல்லவில்லை, இது என்ன நிறம் என்று கேட்கவில்லை. ஆனால் இருக்கிறார். கூப்பிட்டால் வருவார் என்று குழந்தைக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் அது தன் உலகத்துக்குள் மூழ்கிப்போகிறது. நாளடைவில் அந்த இருப்பு குழந்தையின் மனத்துக்குள் குடியேறிவிடுகிறது. பிறகு அம்மா அடுத்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு இதில் கவலையும் உண்டு. இன்றைய பெற்றோர் குழந்தை சும்மா இருந்தாலே பதறிப்போகிறார்கள். ஒன்று, உடனே ஒரு வகுப்பில் சேர்க்கிறார்கள். அல்லது கையில் போனைத் திணிக்கிறார்கள். காம்பு அடுக்கும் நேரம் அங்கே காணாமல் போகிறது.

குழந்தை வளர்ந்து பதின்வயதைத் தொடும்போது இதே விஷயம் கதவுச் சண்டையாக மாறுகிறது. 'கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே என்ன பண்றே?' என்ற கேள்வி ஒலிக்காத வீடு உண்டா? ரீட் லார்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-இல் வெளியிட்ட முடிவுகளைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 483 பிள்ளைகளிடம் பேஜர்களைக் கொடுத்து, ஒரு வாரம் முழுக்க எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கச் செய்தார். ஒலித்ததும், எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன், மனம் எப்படி இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியே இருந்ததால் பெரிய பயன் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு முதல் நிலைமை மாறியது. தனியே இருந்துவிட்டு வெளியே வந்த பிறகு அவர்களுடைய மனநிலை மேம்பட்டிருந்தது. தனியே இருக்கும் நேரம் மிகக் குறைவாகவும் இல்லாமல், மிக அதிகமாகவும் இல்லாமல் அளவோடு இருந்த பிள்ளைகளே மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். 'நான் யார்' என்ற கேள்வி சூடுபிடிக்கும் வயது அது. சாத்திய கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் நடப்பது அந்த வேலைதான்.

அளவு என்ற சொல் வந்துவிட்டது. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கடுமையான சாட்சிகள் உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட் 1934 மார்ச் இறுதியில் அன்டார்க்டிகாவின் உள்பகுதியில், பனிக்குள் புதைத்து அமைத்த ஒரு சிறு குடிலில் தனியாகத் தங்கினார். வானிலைக் குறிப்புகள் எடுப்பது அலுவல். அமைதி எவ்வளவு நல்லது என்று ஒரு தடவை முழுமையாக அனுபவித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது சொந்த ஆசை. ஏப்ரலில் சூரியன் மறைந்தது, பல மாதம் இருட்டு. முதல் சில வாரங்களில் அவர் தேடிப் போனது அவருக்குக் கிடைத்தது என்பதை 1938-இல் வெளியான 'அலோன்' என்ற அவருடைய நூல் சொல்கிறது. பிறகு அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவரைச் சாய்த்துவிட்டது. அடுப்பை ஏற்றினால் விஷம், ஏற்றாவிட்டால் குளிர். தம்மைக் காப்பாற்ற வந்து யாரும் இருட்டில் சாகக் கூடாது என்று அவர் நோயை மறைத்தார். ஆனால் அவர் அனுப்பிய வானொலிச் செய்திகள் குழறுவதைக் கவனித்துவிட்ட தோழர்கள் மூன்று பேர் டிராக்டரில் பனியைக் கடந்து ஆகஸ்டில் வந்து சேர்ந்தார்கள். தேடிப் போன அமைதி அவருக்கு உண்மையிலேயே கிடைத்தது. ஆனாலும் உயிரோடு திரும்பியது, தூரத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்களால்.

பிரெஞ்சு குகை ஆய்வாளர் மிஷெல் சிஃப்ர் 1972-இல் டெக்சாஸில் ஒரு குகைக்குள் ஆறு மாதத்துக்கு மேல் தனியே இருந்தார். கடிகாரம் இல்லாமல் உடலின் உள்நேரம் எப்படி ஓடுகிறது என்று அறிய அவரே விரும்பி எடுத்துக்கொண்ட சோதனை. கடைசி மாதங்களில் சோர்வு அவரை மூழ்கடித்தது. குகைக்குள் வந்த ஒரு சுண்டெலியைத் துணைக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, நாள்கணக்கில் அதைப் பழக்கி, கடைசியில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்கப் போனார். பாத்திர விளிம்பு பட்டு எலி செத்துப்போயிற்று. அந்த எலிக்காக அவர் உடைந்துபோனார். விரும்பித் தேர்ந்துகொண்டாலும் ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தான்.

எத்தனை மணி நேரம் சரி என்று கேட்பவர்களுக்கு ஒரு சூத்திரமும் கிடையாது. நெட்டா வைன்ஸ்டைனும் குழுவினரும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 178 பேரை 21 நாள் தொடர்ந்து கேட்டு 2023-இல் எழுதியது இது: தனியே கழித்த நேரம் கூடிய நாட்களில் மன அழுத்தம் குறைந்தது, தன் விருப்பப்படி இருக்கிறேன் என்ற உணர்வு கூடியது. அதே நாட்களில் தனிமை உணர்வும் கூடியது, திருப்தி குறைந்தது. இந்த நேரத்தைத் தாண்டினால் கெடுதல் என்று ஒரு கோடு போட முடியவில்லை. தானே விரும்பித் தேர்ந்த தனி நேரமாக இருந்தபோது அந்தக் கெடுதல்கள் மங்கின அல்லது மறைந்தன. உலக மக்களில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் அவதிப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் முதியவரிடம் போய்த் 'தனியாக இருப்பது நல்லது' என்று சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை பேச்சுத் துணை.

மறுபுறம், தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாதவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு வாழ்கிறவர். காலை ஐந்து மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடித்து வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அடுப்படிக்குள் நுழையும் பெண். காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவர், எடுத்து மடித்த பிறகும் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கீழேயிருந்து கூப்பிடும் சத்தம் வரும். 'தோ வரேன்' என்பார், ஆனால் கால் நகராது. தனி நேரத்தைப் பற்றிய ஆய்வுகளில் அவருக்கு இடம் குறைவு. என்னைக் கேட்டால், இந்த அறிவியல் முதலில் போய்ச் சேர வேண்டியது அவரிடம்தான்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கால் மணி நேரம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். நடக்கப் பிடித்தால் நடங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பிடித்தால் ஊற்றுங்கள், ஒன்றும் செய்யாமல் உட்காரப் பிடித்தால் உட்காருங்கள். முதல் சில நிமிடம் இருப்புக் கொள்ளாது. அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய விஷயம் ஒன்றே சுற்றிச் சுற்றி வந்தால் எழுந்து அதை எழுதுங்கள், அல்லது உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே கேளுங்கள். வாரக்கணக்கில் தனியே இருக்கும்போதெல்லாம் மனம் இருண்டுகொண்டே போனால், தூக்கமும் பசியும் கெட்டால், அந்த நேரத்தில் தனியே இருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

உங்கள் வீட்டில் ஒருவர், மனைவியோ மகனோ அம்மாவோ, 'கொஞ்ச நேரம் என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்டால், என் மேல் கோபமா என்று கேட்காதீர்கள். குக்கர் விசிலை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடுங்கள்.